அடையாறு முதல் பழவேற்காடு வரை: சென்னையின் ஆறுகளை ஒட்டி வெளியே சுற்ற முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை வெளியே எங்கே போகலாம் என்று சென்னையில் யாரைக் கேட்டாலும் மெரினா, பெசன்ட் நகர், விட்டால் மாமல்லபுரம், அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆற்றங்கரைக்குப் போகலாமா என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயமும் இருக்கிறது, கூவத்தின் நாற்றம் ஒன்றும் கற்பனை இல்லை. ஆனால் வடக்கே எண்ணூரில் கொசஸ்தலை, நடுவில் நேப்பியர் பாலத்தடியில் கூவம், தெற்கே பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் அடையாறு என்று மூன்று ஆறுகள் இந்த ஊரில் கடலைச் சேர்கின்றன. மூன்றையும் வடக்கு தெற்காகக் கோத்துக்கொண்டு பக்கிங்ஹாம் கால்வாய் போகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக அதே கால்வாயில் விழுந்து முட்டுக்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது. இத்தனை தண்ணீர் இருந்தும் நாம் கடற்கரை மணலிலேயே உட்கார்ந்து பஜ்ஜி தின்றுவிட்டுத் திரும்புகிறோம்.

இந்த ஆறுகளைப் பொறுத்தவரை எங்கே போகிறோம் என்பது இரண்டாம் பட்சம், எப்போது போகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. மே மாதம் மதியம் ஒரு மணிக்கு அடையாற்றுப் பாலத்தில் நின்றவர் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் வரமாட்டார். அதே பாலத்தில் ஜனவரி மாதம் சாயங்காலம், தண்ணீர் வற்றிச் சேறு தெரியும் நேரத்தில் நின்றவர் அடுத்த வாரமும் வருவார். அதனால் இடத்தை முடிவு செய்யும் முன் நேரத்தை முடிவு செய்வோம்.

படி 1: மாதம்

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மழை ஆற்றைக் கழுவிவிடுகிறது, ஏரிகளை நிரப்புகிறது, அப்புறம்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் பாதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள், வெயில் பொறுத்துக்கொள்ளும்படி இருக்கும், வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் இங்கே இருக்கும், கடலாமைகளும் கரைக்கு வரும்.

கோடையில் வேறு ஒரு சிக்கல் உண்டு. ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் கடல் அலை மணலை அள்ளிக்கொண்டு வந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். பொக்லைன் வைத்துத் தோண்டினாலும் மறுபடி மூடிக்கொள்ளும். வாய் மூடிய ஆற்றில் கடல் நீர் உள்ளே வந்து போக முடியாது, தேங்கி நிற்கிற கழிவு நீர்தான் மிச்சம். நாற்றத்துக்குப் பெரிய காரணங்களில் இது ஒன்று. ஆகவே ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஊருக்குள் இருக்கும் ஆற்றை விட்டுவிட்டு முட்டுக்காடு, கோவளம் பக்கம் போவது புத்திசாலித்தனம். அதுவும் விடிகாலையில். மே, ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், எட்டரைக்கு மேல் வெளியே நிற்பது தண்டனை.

மழைக்காலத்தின் நடுவில் ஆற்றங்கரை வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் என்ன செய்தது என்று சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் வேடிக்கை பார்க்கக்கூடப் பாலத்துக்குப் போகாதீர்கள்.

படி 2: தண்ணீரும் வெயிலும்

பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், பிறகு "அங்கே ஒன்றுமே இல்லையே" என்பார்கள். சென்னைக் கடலில் ஒரு நாளில் இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏற்ற இறக்கம் பெரிதில்லை, நிறைந்த நாளிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் அடையாற்றின் வாய்ப்பகுதி தட்டையான சேற்று நிலம் என்பதால் அந்த ஒரு மீட்டரே போதும், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சேறு வெளியே வந்துவிடும். சேற்றில்தான் புழுவும் நண்டும் சிப்பியும். உள்ளான் பறவைகள் அங்கேதான் மேயும். நீர் ஏறியிருக்கும்போது போனால் நடுவில் ஒன்றிரண்டு நீர்க்காகங்கள் மட்டும் தெரியும்.

எனவே கைப்பேசியில் சென்னைக்கான நீர் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள், பல செயலிகள் இலவசமாகவே காட்டுகின்றன. வீட்டு நாள்காட்டியும் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. முகத்துவாரம் திறந்திருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும் என்பதையும் மறக்காதீர்கள்.

அடுத்தது வெயிலின் பக்கம். நம் ஆறுகள் கிழக்கே ஓடுகின்றன. காலையில் பாலத்தில் நின்று கடல் பக்கம் பார்த்தால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். ஆகவே காலையில் முகத்துவாரத்துக்குப் போய் உள்நாட்டுப் பக்கம் திரும்பிப் பாருங்கள், மாலையில் பாலத்தில் நின்று கடல் பக்கம் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தைப் பின்பற்றினாலே உங்கள் படங்கள் பாதிக்குப் பாதி தேறிவிடும்.

படி 3: அடையாற்றில் ஒரு நாள்

முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது அடையாறுதான், பஸ் வசதி, டிபன் கடை, எல்லாம் பக்கத்திலேயே.

காலை ஆறு, ஆறரை மணிக்குப் பெசன்ட் நகர் கடற்கரையில் இறங்கி, ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி வடக்கே மணலோரமாக நடங்கள். ஊரூர் குப்பம் வரும். வலை உதறிக்கொண்டிருப்பார்கள், படகு வந்திருந்தால் மீன் ஏலமும் நடக்கும். அது அவர்கள் வேலை செய்யும் இடம், நமக்குக் காட்சிசாலை இல்லை, கேட்காமல் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். குப்பத்தைத் தாண்டினால் உடைந்த பாலம். 1967இல் இந்தக் கரையையும் பட்டினப்பாக்கத்துப் பக்கத்தையும் இணைக்கக் கட்டியது, 1977இல் ஆற்று வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்து அப்படியே நிற்கிறது. சினிமாக்காரர்கள் கண்டெடுத்த பிறகு கூட்டம் அதிகம். பாலத்தின் முனையில் தொங்கிக்கொண்டு செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். கைப்பிடிச் சுவர் பல இடங்களில் இல்லை, கீழே நீரோட்டம் மோசம். பாலத்தின் மேல் ஏறாமலே கரையில் நின்று பார்ப்பதற்கு எல்லாமே கிடைக்கிறது.

இங்கே குளிக்காதீர்கள். ஆறும் கடலும் சந்திக்கும் இடத்தில் நீர் மேலே அமைதியாகத் தெரியும், உள்ளே இழுக்கும். வெளியூரிலிருந்து வரும் பையன்கள் ஏமாந்து போவது இதனால்தான். நீச்சல் தெரியும் என்பது இங்கே சமாதானமே இல்லை. இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள், வெளிச்சம் கிடையாது, போலீஸும் விரட்டும்.

பறவைகளைப் பொறுத்தவரை, நெடுங்கால் உள்ளான், சின்னக் கொக்கு, சாம்பல் நாரை, கருப்பு வெள்ளை மீன்கொத்தி, ஆலா, இவற்றை எளிதாகப் பார்க்கலாம். மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து அந்தரத்தில் நின்று, பிறகு செங்குத்தாகத் தண்ணீரில் விழுவதை ஒரு முறை பார்த்துவிட்டால் குழந்தைகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். தொலைநோக்கி இருந்தால் நல்லது. வாங்குவதென்றால் 8க்கு 42 அளவு (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், 42 மில்லிமீட்டர் வில்லை) போதும், பத்து மடங்கு, இருபது மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டினால் நம்பாதீர்கள், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும்.

வெயில் ஏறியதும் டிபனை முடித்துக்கொண்டு கொஞ்சம் நிழலுக்குப் போகலாம். பிரம்மஞான சபை வளாகத்தில் பழைய ஆலமரம் இருக்கிறது. அதன் தாய் அடிமரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் ஊன்றி மரம் மட்டும் பரந்து நிற்கிறது. பொதுமக்களை அனுமதிக்கும் நேரம் ரொம்பக் குறைவு, சில காலம் மூடியும் வைத்திருக்கிறார்கள், அதனால் கேட்காமல் போய் வாசலில் நிற்காதீர்கள். எதிர்க்கரையில், சாந்தோம் பக்கத்துச் சிற்றோடையை ஒட்டித் தொல்காப்பியப் பூங்கா, 58 ஏக்கர். குப்பையும் இடிபாடும் கொட்டிக் கிடந்த இடத்தைத் தோண்டிச் சுத்தம் செய்து, தண்ணீரை உள்ளே விட்டு, நம் கரைக்குரிய மரங்களை நட்டு 2011இல் திறந்தார்கள். ஒரு முகத்துவாரத்தை எப்படி மீட்பது என்பதற்கு ஊருக்குள்ளேயே இருக்கிற பாடம் அது. நேரமும் கட்டணமும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, புறப்படும் முன் சரிபார்த்துவிடுங்கள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் திரு.வி.க. பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதை. முதுகுப் பக்கம் வெயில், எதிரே ஆறு விரிந்து கடலைத் தொடுகிறது. பஸ் இரைச்சல் மட்டும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். படகு வலிக்கும் ஆசை இருப்பவர்களுக்கு ஒரு செய்தி: இதே ஆற்றில், கொஞ்சம் மேலே, 1867 முதல் மெட்ராஸ் போட் கிளப் இயங்குகிறது, அதன் நீண்ட ஒல்லிப் படகுகள் காலையில் ஆற்றில் போவதைக் கோட்டூர்புரம் பாலத்திலிருந்து பார்க்கலாம். ஏறுவதற்கு உறுப்பினராக இருக்க வேண்டும். நமக்குப் பாலம்தான்.

படி 4: பறக்கும் ரயில்

இதற்கு அரை மணி நேரம் போதும், செலவு ஒரு டிக்கெட். கடற்கரை நிலையத்திலிருந்து வேளச்சேரி போகிற ரயில் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் கூவத்தைக் கடக்கிறது, பிறகு நெடுந்தூரம் பக்கிங்ஹாம் கால்வாயின் தலைக்கு மேலேயே ஓடுகிறது, பசுமைவழிச் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவில் அடையாற்றைத் தாண்டுகிறது. கால்வாயில் ரயில் தூண்களை நட்டதைப் பார்த்தால் கோபம் வரும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1876-78 பஞ்சத்தின்போது கூலிக்கு ஆள் வைத்து வெட்டியது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போய்க்கொண்டிருந்த வழி இன்று சாக்கடை. நம் ஊரின் நீர்வரைபடம் முழுசாக மனதில் பதிய இதைவிட எளிய வழி இல்லை என்பதால்தான் இந்தப் பயணத்தைச் சொல்கிறேன். கூட்டமில்லாத மதியத்தில், ஜன்னலோரம் பிடித்து உட்காருங்கள்.

படி 5: பள்ளிக்கரணை

துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் போகிற ஐடி ஊழியர்கள் தினமும் தாண்டிப் போகும் இடம். 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் நீலத் தாழைக்கோழி நாணலை மென்றுகொண்டிருக்கும். நல்ல வருடங்களில் பூநாரைகளும் இறங்குகின்றன. கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் சாலையிலிருந்தே தெரியும், ஆனால் வண்டியை ஓரத்தில் நிறுத்தாதீர்கள், அந்தச் சாலையில் யாரும் மெதுவாக வருவதில்லை. வனத்துறை நடைபாதையும் பார்வை இடங்களும் கொண்ட சூழலியல் பூங்கா ஒன்றை அமைத்திருக்கிறது, அதற்குள் போய்ப் பாருங்கள்.

தனியாகப் பறவை அடையாளம் பிடிப்பது ஆரம்பத்தில் சலிப்பூட்டும். 1978 முதல் இயங்கும் மெட்ராஸ் இயற்கை ஆர்வலர் சங்கம் போன்ற குழுக்களோடு ஒரு முறை போய்விட்டு வந்தால் கண் திறந்துவிடும். பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று பார்த்ததை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு இணையதளத்தில் பதிந்தால் போதும், மொட்டை மாடியிலிருந்துகூடச் செய்யலாம்.

படி 6: முட்டுக்காடும் கோவளமும்

தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் இங்கேதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத் துறை 1984 முதல் இருக்கிறது. மிதிபடகு, துடுப்புப் படகு, விசைப்படகு எல்லாம் உண்டு. ஞாயிறு மதியம் போனால் வரிசையில் நிற்பதிலேயே பாதி நாள் போய்விடும், வார நாள் காலைதான் சரி.

கயாக் ஓட்ட ஆசையென்றால் தனியார் பயிற்சியாளர்கள் இந்த உப்பங்கழியிலும் கோவளத்திலும் இருக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: உயிர்காப்பு உடை என் அளவுக்கு இருக்கிறதா, கூட வருபவர் எத்தனை பேருக்கு ஒருவர், காற்று ஏறினால் என்ன செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று வேகமெடுக்கும், அதுவரை சும்மா மிதந்த படகு அப்புறம் சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் ஆறு மணிக்குத் தண்ணீரில் இறங்கி எட்டு, எட்டரைக்குக் கரையேறுவதுதான் வழக்கம்.

அலைச்சறுக்கு கோவளத்தில் கற்றுத் தருகிறார்கள், அந்த ஊர் மீனவ இளைஞர்களே பலர் பயிற்சியாளர்கள், கடலை அவர்களைவிட யார் அறிவார்கள். முதல் நாளில் எழுந்து நிற்க முடியாவிட்டால் வருத்தப்படாதீர்கள். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், புதிதாகக் கற்பவர்களுக்கு அது நேரமில்லை. முடித்துவிட்டு அங்கேயே மீன் வறுவலோடு சாப்பாடு, அதைச் சொல்லவே வேண்டாம்.

சைக்கிள்காரர்களுக்கும் இதே பாதைதான். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காட்டுப் பாலம் 25 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். விடிவதற்கு முன் கிளம்பினால் பாலத்தில் சூரிய உதயம். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, இரண்டும் இல்லாமல் ஈசிஆரில் சைக்கிளை எடுக்காதீர்கள். வார இறுதி விடிகாலையில் கார்கள் போகும் வேகம் பயங்கரம்.

படி 7: ஆமை நடை

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிட வருகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இரவு முழுக்க நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பிடத்தில் புதைக்கிறது. வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் கூட்டிப் போகிறார்கள். சுமார் ஏழு கிலோமீட்டர், மணலில். மூட்டு வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். டார்ச் அடிக்கக் கூடாது, ஃப்ளாஷ் கூடாது, செருப்பைக் கழற்றினால் நடப்பது சுலபம். ஆமையைப் பார்க்காமலே திரும்பும் இரவுகள்தான் அதிகம், அதை முன்கூட்டியே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள். நிச்சயமாக ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல் மாலைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும்போது போகலாம். முட்டை பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும், ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருப்பது சகஜம்.

படி 8: ஆற்றின் மேல் பக்கம்

ஊருக்குள் பார்த்த ஆறுதானா இது என்று சந்தேகம் வர வேண்டுமானால் மேற்கே போங்கள். கொசஸ்தலையின் குறுக்கே 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம் சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். மழை முடிந்த கையோடு போனால் ஏரி கடல் மாதிரி இருக்கும். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கல் கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று ஆய்வாளர்கள் 2011இல் அறிவித்தார்கள். பூண்டியிலேயே தொல்லியல் துறையின் சின்ன அருங்காட்சியகம் உண்டு, முதலில் அதைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போனால் காலடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லையும் சந்தேகத்தோடு பார்ப்பீர்கள். பார்க்கலாம், எடுத்துப் பையில் போடக் கூடாது. குடியம் குகைகளுக்கு நடைபயணம் போக வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வழிகாட்டியோடு பதிவு செய்யலாம். காட்டுத்தீ அபாயம் உள்ள மாதங்களில் மூடிவிடுவார்கள். அனுமதியில்லாமல் குறுக்கு வழியில் போகிற வேலை வேண்டாம்.

படி 9: பழவேற்காடு

இதற்கு முழு நாளும் ஒதுக்குங்கள். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுதான், பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆழம் பல இடங்களில் இடுப்பளவுகூடக் கிடையாது, அதனால்தான் நீண்ட கால் பூநாரைகளுக்கு இது தோதான இடம். ஜனவரி, பிப்ரவரியில் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போலத் தெரியும், தொலைநோக்கி இல்லாமல் போனால் கோட்டோடு சரி.

ஊருக்குள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அவர்கள் இங்கே 1613இல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள், ஆங்கிலேயர் மதராசுக்கு வருவதற்கு முன்பே. பனையோலைக் கூடைகள் இந்த ஊர்ப் பெண்கள் பின்னுபவை, நேராக அவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசி அசிங்கப்படுத்தாதீர்கள்.

படகு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு தேவை. 2011 கிறிஸ்துமஸ் அன்று உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று மீன்பிடிப் படகில் கூப்பிட்டால் உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறாதீர்கள். அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். கரையிலிருந்து பார்ப்பதற்கே நாள் போதாது.

கையில் இருக்க வேண்டியது: ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, கொசு விரட்டிக் களிம்பு, மாற்றுத் துணி, குப்பை போட ஒரு பை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் எந்த முகத்துவாரத்திலும் சேற்றில் இறங்காதீர்கள், மழைக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பரவுவது இப்படித்தான். பொன்னேரி திரும்பும் கடைசி பஸ் நேரத்தை இறங்கியவுடனே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நண்டு, இறால் வாங்குவதாக இருந்தால் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டு, ஐஸ் போட்டு மூடிய டப்பாவில் எடுத்துப் போங்கள், மின்சார ரயிலில் கூட இருப்பவர்கள் பாவம்.